ரோசல்பா இன்னும் பாடுகிறாள்

பெப்ரவரி 3, செவ்வாய்

பனி. வானத்துப் பஞ்சு மூட்டைகள் அத்தனையும் கனடாவின் அஜின்கோர்ட்டில், அதுவும் என் வீட்டு வாசலில். மாமன்னர் (நான்தான்) பனி வாரும் சவலோடு போர் புரிந்து வென்றார். முதுகு தோற்றது.

வாங்க: பால், பாண், ஸ்டெல்லாவுக்கு உறிஞ்சிக் குடிக்க ஸ்ட்ரோ.

என் மனைவி ஸ்டெல்லா மாதா கோயில் பாடகர் குழுவில் முன்வரிசை. இப்போது நுரையீரலில் புற்று. முன்னறையில் ஆஸ்பத்திரிக் கட்டில். பின்னேரங்களில் நூலகப் புத்தகம் ஒன்றைத் தமிழாக்கிச் சொல்கிறேன். ரோசல்பா, நூறு வருடத்துக்கு முந்திய இத்தாலிய ஒபரா பாடகி. மீன்காரர் மகள். சிறுவயதிலேயே மேடை. கப்பலேறி அமெரிக்கா. அவள் குரலுக்கு நியூயோர்க் யன்னல்கள் நொறுங்கி, கண்ணாடி வியாபாரிகள் கோடீஸ்வரர் ஆனார்கள் (என் சேர்க்கை).

"புளுகாதேங்கோ அப்பா." ஸ்டெல்லாவின் சிரிப்பு (மகள் பிறந்ததிலிருந்து அவளுக்கும் நான் 'அப்பா'). பிறகு இருமல்.

பெப்ரவரி 5, வியாழன்

டொக்டரின் போன். இனி மருந்து பிடிக்காதாம். நோகாமல் பார்க்கலாமாம். ஸ்டெல்லா நித்திரை.

பிக்கரிங்கிலிருந்து மகள் போனில்: "அம்மாட்டச் சொல்லிட்டீங்களா?"

"நாளைக்குச் சொல்லுறன்."

கடைசி அத்தியாயத்தை முன்கூட்டியே பார்த்தேன். ரோசல்பாவின் குரல் போகிறது. சாகிறாள். புத்தகத்தை மூடிவிட்டு, பின்னேரம் ஸ்டெல்லாவுக்குச் சொல்கையில் அவளை யாழ்ப்பாணத்துக்குக் கப்பலேற்றினேன். பெருநாள் பூசையில் பாடினாள்; ஊர்காவற்றுறைக் கடல் எழும்பி நின்று கேட்டது.

பெப்ரவரி 8, ஞாயிறு

இன்று ரோசல்பாவைக் கனடாவுக்கு ஸ்பொன்சர் செய்தேன். மிசிசாகாவில் பேஸ்மென்ட். கலியாண மண்டபங்களில் பாட்டு.

"இப்ப உவளுக்கு என்ன வயசு?"

"நூற்றி நாப்பது இருக்கும். ஆள் திடம்."

"பாவம். களைச்சிருப்பாள்."

ஸ்ட்ரோவில் ஒரு வாய் தண்ணீர் உறிஞ்சினாள்.

"டொக்டர் சொன்னது தெரியும் அப்பா. நேற்று மகள் வந்து கட்டிப்பிடிச்ச பிடியிலயே விளங்கிட்டுது. கடைசிப் பக்கத்தை வாசியுங்கோ. அவளைப் போக விடுங்கோ."

பெப்ரவரி 9, திங்கள்

கடுங்குளிர். மிகைப்படுத்த ஒன்றுமில்லை.

ஒரு சொல்லும் சேர்க்காமல் வாசித்தேன். வாடகை அறை. பக்கத்து அறைக்காரி கையைப் பிடித்திருந்தாள். அவ்வளவுதான்.

வானொலியில் முன்பின் தெரியாதவரின் மரண அறிவித்தல் வந்தாலும் ஸ்டெல்லா சிலுவை போட்டு, மரித்தோர் செபத்தின் முதற்பாதியைச் சொல்வாள், மறுபாதி என்னுடையது. ரோசல்பாவுக்கும் சொன்னாள். மூச்சு இழுத்து, இழுத்து. பிறகு காத்திருந்தாள்.

"சொல்லுங்கோவன்."

நான் கடைசிப் பக்கத்தையே திரும்ப விரித்தேன்.

மறுபாதியையும் அவளே சொல்லி முடித்தாள். என் கையைத் தட்டினாள்.

"அடுத்ததுக்கு ரெண்டு பாதியும் நீங்கள்தான் சொல்லவேணும். பழகுங்கோ."