ட்ரில்லுக்கு மட்டும் ஒரு டிக்

மார்ச் 2

மத்தியானம் முழுக்கக் குழந்தைச் சாமான் பட்டியல் போட்டோம். கடையின் இணையதளத்தில் வேண்டியவற்றைச் சேர்த்து, இணைப்பைச் சொந்தபந்தங்களுக்கு அனுப்பவேண்டும். அவரவர் ஒன்றை வாங்கினால் பக்கத்தில் டிக் விழும். வேலையிடத்துப் பிரீத்தா இப்படித்தான் செய்தாளாம்.

ஒரு பிள்ளைக்கு இவ்வளவா? பின்பக்கம் துடைக்கும் ஈரத்துணியைச் சூடாக்க ஒரு பெட்டி. பிள்ளை தூங்க மழைச் சத்தம் போடும் ஒரு பெட்டி. "லண்டன் மோர்டனில யன்னலைத் திறந்தாக் காணும், மழைதானே" என்றார் என் கணவர் கஸ்பர். பிறகு சத்தமில்லாமல் எதையோ தட்டினார். பார்த்தால் பட்டியலில் ஒரு ட்ரில்! தொட்டில் பலகைகளைப் பொருத்திப் பூட்டவாம்.

மார்ச் 9

பூசை முடிந்து வந்து, கஸ்பரின் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். அவருடைய அக்கா மெற்றில்டா மச்சாள், தேவராசா சித்தப்பா, மேரிசாந்தி சித்தி, எல்லாரும் அதில்தான். என் ஆட்கள் மன்னாரில். இங்கே எனக்கென்று இருப்பவர்கள் இவர்களே.

நிறையக் கும்பிடு கைகள் வந்தன.

மார்ச் 16

டிக் இல்லை.

மார்ச் 23

ஒரு டிக்! வயிற்றைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறிப்போய்க் கஸ்பரை எழுப்பினேன்.

ட்ரில். அவருடைய சிநேகிதர் லெஸ்லி வாங்கியிருக்கிறார். கஸ்பருக்கு முகமெல்லாம் பல்.

ஏப்ரல் 6

மெற்றில்டா மச்சாள் வந்தார். குளிப்புத் தொட்டி ஏன் சாம்பல் நிறம் என்று கேட்டார். அந்த விலைக்கு அப்டன் பார்க் சந்தையில் இரண்டு வாங்கலாமாம். அழுக்கு நாப்பி போடும் வாளியைப் பற்றியும் ஒரு விசாரணை. குப்பைக்கு எதற்குத் தளபாடம்?

மூன்று ரோல்ஸ் சாப்பிட்டுவிட்டுப் போனார். டிக் போடவில்லை. நக்கலடிக்கத்தான் வந்தாரா?

ஏப்ரல் 20, ஈஸ்டர்

சித்தப்பா வீட்டில் சாப்பாடு. எல்லாரும் வந்திருந்தார்கள். பட்டியலைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. என் குளிர் கோட்டைக் கழற்றி வைக்க மேல் அறைக்குப் போனேன். மேரிசாந்தி சித்தி படியிலேயே மறித்து, "அங்க போகாதையும், அறை ஒரே அலங்கோலம்" என்றார்.

கோட் வைக்கக்கூட இடமில்லையா? நான் ஆர் இவையளுக்கு? ஒரு தொட்டி... ஒரு சின்னத் துவாய்கூட ஒருத்தருக்கும் வாங்க மனம் வரேல்லையே. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். பிறகு இரண்டு தரம் வட்டிலப்பம் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 27

தொட்டிலையும் கார் இருக்கையையும் நாங்களே வாங்கினோம். மிச்சத்துக்குக் கொஞ்சம் பொறுக்கச் சொல்கிறார் கஸ்பர். தன் ஆட்களென்றால் அவருக்குப் பொறுமை ஊறும்.

தொட்டில் பூட்ட ட்ரில் தேவைப்படவில்லை. கஸ்பர் சுவரில் சும்மா ஓர் ஓட்டை போட்டுப் பார்த்தார்.

மே 15

பிறந்துவிட்டாள். கஸ்பரின் மூக்கு. பரவாயில்லை.

மே 18

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, மணி அடித்தது. மெற்றில்டா மச்சாள், கையில் ரோசாப்பூ நிறத் தொட்டி. பின்னால் சித்தப்பா, நீலத் தொட்டி. பிறகு மஞ்சள். பிறகு பச்சை, அடியில் வாத்துப் படம். மொத்தம் ஏழு தொட்டி. சட்டை மூட்டைகள், துவாய்கள், நாப்பி மலை. கூடத்தில் பிள்ளையைக் கிடத்த இடமில்லை, ஒரு தொட்டிக்குள் கிடத்தினோம்.

டிக் போடவில்லையே என்று மெல்லக் கேட்டேன்.

"டிக் போட்டா அந்தக் கடையிலயெல்லோ வாங்கவேணும்? அவனுக்கு விசர், அந்த விலை போடுறான்" என்றார் மச்சாள். "பிள்ளை பிறக்க முந்திச் சாமான் கொண்டுவரலாமோ? ஈஸ்டருக்குள்ளயே சித்தியின்ர மேல் அறையில கால் வைக்க ஏலாது. ஒளிச்சு வச்சிருந்தனாங்கள்."

மன்னாரில் அம்மாவும் இதையேதான் சொல்லியிருப்பா. லண்டனில் முப்பது வருடமாக இருக்கும் இவர்கள் மறந்திருப்பார்கள் என்று நான்தான் நினைத்தேன். அழுகை வந்துவிட்டது. தையல் நோகிறதாக்கும் என்று மச்சாள் என்னைப் பிடித்துப் படுக்கவைத்துவிட்டார். எழும்பவிடவில்லை. எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லவும் விடவில்லை.

மழைப் பெட்டி மட்டும் ஒருவரும் வாங்கவில்லை. யன்னலைத் திறந்து வைத்திருக்கிறோம்.

நவம்பர் 9

சித்தப்பாவின் மகள் துஷ்யாவின் பட்டியல் குழுவுக்கு வந்திருக்கிறது. இங்கேயே பிறந்து வளர்ந்தவள், ஜனவரியில் பிள்ளை. முதல் வரியிலேயே குளிப்புத் தொட்டி. அந்த விலை! கடைக்காரனுக்கு விசர்தான்.

கும்பிடு கைகள் அனுப்பினேன். டிக் போடவில்லை. கட்டிலுக்குக் கீழிருந்து மஞ்சள் தொட்டியை எடுத்துத் துடைத்துவைத்தேன். நீலம் அவள் அப்பா தந்தது, அது வேண்டாம்.

அடுத்த ஞாயிறு துஷ்யா சாப்பிட வருகிறாள். அவளுடைய கோட்டைக் கீழேயே வாங்கிவிடவேண்டும்.