பதினைந்து கிலோ மண்

புழல்,
3 ஜூன் 2024

அன்புள்ள குழலிக்கு,

நலம். நெட்டுக்குப்பத்தில் காற்று எப்படி என்று கேட்டால், "அனல்மின் நிலையத்தக் கேளு" என்பாய். கேட்கவில்லை.

ஜெயிலுக்குள்ளே பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்குப் படிக்கிறேன். உயிரியல் எடுக்க வரும் சாபிரா டீச்சர் ஒரு சின்னப் பரீட்சை வைத்தார். விதை இத்தனூண்டு, மரம் அவ்வளவு பெரிது. அந்தக் கனம் எங்கிருந்து வந்தது? மண்ணிலிருந்து என்று எழுதினேன். தப்பாம். பெரும்பாலும் காற்றிலிருந்தாம்! நம் மூச்சிலும் புகையிலும் இருக்கும் கரியமில வாயுவை இலை இழுத்து உடம்பாக்கிக்கொள்ளுமாம். "இன்னா டீச்சர், காத்துக்கு ஏது வெயிட்டு?" என்று மல்லுக்கு நின்றேன். "வீட்டுல யாரையாவது நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்க" என்றார்.

உன்னிடம் மீன் தராசு இருக்கிறதே. எனக்காக ஒரு செடி வைத்துப் பாரேன். ஜெயிப்பது நான்தான்.

அப்படியே ஒரு தடவை மனு பார்க்க, அதுதான் மனு எழுதிக் கொடுத்து என்னைப் பார்க்க, வா. கம்பிக்கு அந்தப் பக்கம் உன் முகத்தைப் பார்த்து இரண்டு வருடமாகிறது.

பகலவன்

நெட்டுக்குப்பம்,
15 ஜூன் 2024

பகலவனுக்கு,

பெயின்ட் டப்பாவில் நன்றாகக் காய்ந்த செம்மண் பதினைந்து கிலோ நிறுத்துப் போட்டு, ஆமணக்கு விதை ஒன்று ஊன்றிவிட்டேன்.

மனு பார்க்க வரமாட்டேன். நீ குடித்துவிட்டு டிரெய்லர் லாரி ஓட்டினாய். சைக்கிளில் போன ஹுமாயூன் செத்துப்போனார். கோர்ட்டில் "பிரேக் புடிக்கல" என்றாய். உன் பெண்டாட்டி என்னையும் அப்படியே சொல்லச் சொன்னாய். உன் வாயால் உண்மை வரட்டும், அன்றைக்கு வருகிறேன்.

கார்குழலி

நெட்டுக்குப்பம்,
2 பிப்ரவரி 2025

பகலவனுக்கு,

செடி என் தலைக்கு மேல் வளர்ந்துவிட்டது. பிடுங்கி, வேரை உதறி, மண்ணை நிறுத்தேன். பதினாறரை கிலோ! மண் எப்படிக் கூடும் என்று தலை சுற்றியது. மீனைச் சொட்டச் சொட்ட நிறுத்தே பழகிய கை, ஈர மண்ணையும் அப்படியே தராசில் ஏற்றியிருக்கிறது. பிறகு கருவாட்டுக்குப் பக்கத்தில் தார்ப்பாய் விரித்து, மண்ணையும் செடியையும் உதிர்ந்த இலைகளையும் எட்டு நாள் காயப்போட்டேன்.

மண்ணில் ஐம்பது கிராம்தான் குறைந்திருக்கிறது. காய்ந்த செடி ஒன்றேகால் கிலோ.

நம்பாமல் பக்கத்து மீன்கடை ரஹீமுன்னிசா அக்கா தராசிலும் போட்டேன். அதே எடை. "இன்னாடி, மண்ண வச்சினு யாவாரம் பண்ற?" என்று சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கண்ணுக்கே தெரியாத காற்று என் கையில் கட்டையாகக் கிடக்கிறது, பகலவா! எதிரே அனல்மின் நிலையம் விடும் புகையும் என் மூச்சும் அதில் இருக்கும். அதன் பக்கத்தில் நின்றுதான் தினமும் உன்னைத் திட்டினேன். அந்த மூச்சும் சேர்த்தி.

நீ தோற்றாய்.

கார்குழலி

புழல்,
12 பிப்ரவரி 2025

அன்புள்ள குழலி,

உன் கடிதத்தை வகுப்பில் படித்தேன். எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே நிற்கும் புங்கமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். எத்தனை வருடமாக எத்தனை பேர் விட்ட மூச்சு அது! கூடப் படிக்கும் பீம்ராவ் எழுந்து மரத்தைக் கையெடுத்துக் கும்பிட்டான். யாரும் சிரிக்கவில்லை.

பழைய விடைத்தாளை வாங்கி, "நான் எழுதியது தப்பு" என்று எழுதினேன். அந்த வார்த்தையை என் கை எழுதியது அதுதான் முதல் தடவை. எழுதிய பிறகு கை நிற்கவில்லை.

பிரேக் நன்றாகத்தான் இருந்தது. நான் குடித்திருந்தேன். அவர் சைக்கிள் மணி அடித்தது எனக்குக் கேட்டது. அவர் மூச்சை நிறுத்தியவன் நான்தான். அவர் வீட்டுக்கும் இதையே எழுதிப் போட்டுவிட்டேன்.

பகலவன்

நெட்டுக்குப்பம்,
20 பிப்ரவரி 2025

அன்புள்ள பகலவா,

செவ்வாய்க்கிழமை முதலில் ஹுமாயூன் வீட்டுக்குப் போகிறேன். அவர் மனைவி என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டு நிற்பேன். அதன் பிறகு உன்னிடம் வருகிறேன்.

உன் குழலி