வில்லி வேஷம் கேட்டு வந்தவளுக்கு

பாலக்காட்டில் நான் குடியிருக்கும் வாடகை வீட்டுக்கு எதிரே ஓர் அலுவலகம். இன்று காலை அதன் வேலிச்செடியை ஒருவர் கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தார். சரக் சரக்கென்று சத்தம். கூடவே வெட்டுப்பட்ட பச்சை இலையின் வாசனை. அது தேயிலை இல்லை, ஏதோ அலங்காரச் செடி. ஆனாலும் பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டேன். நீ போய் ஒரு வருஷம் ஆகிறது.

பத்தாம் வகுப்பு வரை நாம் ஒரே பெஞ்ச். அதற்குப் பிறகு நீ உன் அம்மாவின் இடத்தில் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போனாய். நான் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனேன். நம் எஸ்டேட்டில் சமரம் நடந்தபோது, பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுச் சூரியநெல்லி ரோட்டில் மழையில் உட்கார்ந்திருந்ததை நான் விடுதிக் கட்டிலில் படுத்துக்கொண்டு கைபேசியில் பார்த்தேன். இரண்டு வருஷம் கழித்து ஊர் திரும்பியதும் அந்த வெட்கத்தில் ஒரு நாடகம் எழுதினேன். லயத்தின் வரிசை வீடுகளில் ஒவ்வொன்றாகப் போய்க் கேட்டு எழுதினேன்.

அதில் செல்வி என்று ஒருத்தி வருவாள். எல்லோரும் ரோட்டில் கிடக்க, மூன்று நாள் வேலைக்குப் போய்ச் சமரத்தைக் காட்டிக்கொடுத்தவள். அப்படி ஒருத்தி இருந்தாள் என்று எல்லோரும் சொன்னார்கள். பெயரை மட்டும் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. துரோகிக்குப் பெயர் எதற்கு என்று நினைத்தேன். பளபளக்கும் ஒரு சேலை, கோள் சொல்லும் வாய், இடுப்பில் கை வைத்து ஒரு சிரிப்பு. செல்வி தயார்.

அந்த வேஷத்தைக் கட்ட ஒருத்தியும் முன்வரவில்லை. வாசகசாலையில் ஒத்திகை தொடங்கி நான்காம் நாள், தேயிலைக் காட்டு வேலை முடித்த கையோடு, கால்பூட்ஸில் சேறோடு நீ வந்தாய். "அந்தச் செல்வியா நான் நிக்கேன்" என்றாய். சமரத்தை முன்னின்று நடத்தியவரும் நாடகத்தில் தன் வேஷத்தைத் தானே ஏற்றவருமான பாக்கியம் அத்தை, கையிலிருந்த தாள்களைப் பெஞ்சில் வீசிவிட்டு வெளியே போனார். எனக்கு அப்போதும் புரியவில்லை.

"முழிக்காதட்டி. அது நாந்தான். ஒங்கூட்டாளின்னு ஒங்கிட்ட எவளும் பேரச் சொல்லல."

அன்று நீ அழுவாய் என்று எதிர்பார்த்தேன். நீயோ தாள்களைப் பொறுக்கி எடுத்து என் எழுத்தைப் படித்தாய். முதல் பக்கத்திலேயே நிறுத்தினாய். "முதுகுல கூடையோட வாராளா? யார் வீட்டுக் கூடை? டூரிஸ்டு மாட்டிக்கிட்டு போட்டோ எடுக்கதுக்கு வச்சிருக்கானுவளே, அதா? ஏட்டி, ஒங்கம்மா எந்தக் காலத்துலட்டி கூடை சொமந்தா?"

என் அம்மா கத்தரியும் பையுமாகத்தான் இன்றைக்கும் மலையேறுகிறாள். லயத்தில் பிறந்து வளர்ந்த நான், காலண்டர் படத்தைப் பார்த்து என் அம்மாவை எழுதியிருக்கிறேன்.

அடுத்து அந்தச் சிரிப்பில் விரலை வைத்தாய். "இவ எதுக்குச் சிரிக்கா?"

"வில்லியில்லா..." என்று இழுத்தேன்.

"மூணு நாளும் எனக்கு எச்சி எறங்கல. நீ சிரிக்கச் சொல்லுத."

பிறகு நடந்ததைச் சொன்னாய். சூப்பர்வைசர் உன் வீட்டுக்கு வந்து மிரட்டவில்லை. கட்டிலில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்த உன் அய்யாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். விலகிக் கிடந்த போர்வையை இழுத்து அவர் மார்புவரை மூடிவிட்டார். "இந்தக் குளிர்ல வேற வீடு பாக்குறது கஷ்டமில்ல?" என்று கேட்டார். அவ்வளவுதான். வீட்டிலிருந்து ஓர் ஆள் வேலைக்கு வரும்வரைதான் எஸ்டேட் வீடு. அதை அவர் சொல்ல வேண்டியதில்லை. நாடகத்தில் நான் அவருக்கு முறுக்கு மீசையும் பிரம்பும் கொடுத்திருந்தேன். அவர் கையில் இருந்ததோ போர்வை. பிரம்பைக் கண்டால் எதிர்த்துக் கத்தலாம். போர்வையை என்ன செய்வது?

அன்றிரவே எல்லாவற்றையும் திருத்தினேன். திருத்தும் வேகத்தில் அடுத்த தப்பையும் செய்தேன். கடைசிக் காட்சியில் செல்வி மன்னிப்புக் கேட்டு அழுகிறாள், பெண்கள் எல்லோரும் அவளைக் கட்டிக்கொள்கிறார்கள். நீ படித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தாய்.

"இது வேண்டாம். நான் மன்னிப்புக் கேட்டா அவளுவ மன்னிச்சாவணும். மழையில கெடந்தவளுவளுக்கு அந்தப் பாரமும் எதுக்கு? தப்புன்னு தெரிஞ்சுதான் போனேன். அத அப்படியே வையி."

கல்லூரியில் பாத்திரப் படைப்பைப் பற்றி எனக்கு இரண்டு தாள் தேர்வு இருந்தது. அதில் எவரும் இதைச் சொல்லித் தரவில்லை. நீ காரணத்தைச் சொன்னதும் நான் உன்னை விடுதலை செய்யப் பார்த்தேன். நீ விடுதலையைக் கேட்கவே இல்லை. உன்னை முழுசாகப் பார்க்க வேண்டும் என்று மட்டும்தான் கேட்டாய்.

சமரத்துக்குப் பிறகு அந்த இரண்டு வருஷமும் பாக்கியம் அத்தை உன்னோடு பேசவில்லை. அடுத்தடுத்த வீடு, ஒரே குழாயடி. நடுவில் உன் அய்யா இறந்தபோதுகூட அவர் வாசலோடு நின்றார், உள்ளே வரவில்லை. ஒத்திகையில் "நீ செஞ்சது துரோகம்" என்ற வசனத்தை உன் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தே சொல்வார். மேடையில் என்ன ஆகுமோ என்று எனக்குப் பயம். மொத்த எஸ்டேட்டும் உட்கார்ந்திருக்கும். யாராவது ஒருவர் செருப்பை எடுத்தால் போதும், அதற்குப் பிறகு நீ அந்த லயத்தில் எப்படி இருப்பாய்?

"எறிஞ்சா எறியட்டும். மறஞ்சு நடந்தது போதும்ட்டி" என்றாய்.

வாசகசாலை ஆண்டுவிழா. செல்வி வேலை முடித்துத் திரும்பும் காட்சி வந்தது. முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு ஓட வேண்டும் என்பது என் குறிப்பு. நீ மூடவில்லை, ஓடவுமில்லை. பையில் நிஜக் கொழுந்தை அடைத்துக்கொண்டு வந்திருந்தாய். அந்தப் பாரத்துக்குத் தோள் ஒரு பக்கம் இழுக்க, உட்கார்ந்திருந்த பெண்களைக் கடந்து நடந்தாய். பாக்கியம் அத்தைக்கு எதிரே வந்ததும் பையை இறக்கிவைத்துவிட்டு நின்றாய். கூட்டத்தில் ஒரு பையன் விசிலடித்தான். யாரோ அவன் தலையில் தட்டினார்கள்.

அத்தைக்கு வசனம் வரவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து நான் எடுத்துக்கொடுத்தேன். அவர் கேட்டதாகவே தெரியவில்லை. உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாடகத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டார்.

"ஒங்கய்யாவுக்கு இப்பம் எப்படிட்டி இருக்கு?"

உன் அய்யா செத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஆனால் நாடகத்தில் அது சமரத்தின் இரண்டாம் நாள்.

"இழுப்புதான் அத்த. ராத்திரி கண்ணே மூடல" என்றாய்.

அத்தை தலையை ஆட்டினார். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அதற்கப்புறம்தான், உன் கண்ணைப் பார்த்து, "இருந்தாலும் நீ செஞ்சது துரோகந்தாம்ட்டி" என்றார்.

"ஆமா அத்த" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனாய்.

கைதட்டல் இல்லை. அப்படி ஓர் அமைதியை நான் பிறகு எந்த அரங்கிலும் கேட்டதில்லை. சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்து, நாடகத்தில் நல்லவர் யார், கெட்டவர் யார் என்று தெளிவாகவில்லை என்று குறைபட்டுக்கொண்டார். அவர் காரில் ஏறிப் போவார். வீட்டைக் காலி செய்யச் சொல்லி அவருக்கு யாரும் போர்வை போர்த்திவிட மாட்டார்கள். அவர் சொன்ன குறையை நான் இன்றுவரை பாராட்டாகத்தான் வைத்திருக்கிறேன். என் பெயர் போட்ட நாடகங்கள் இப்போது நான்கு இருக்கின்றன. நான் பெருமைப்படுவது நான் எழுதாத அந்த மூன்று வரிகளுக்காகத்தான்.

நீங்கள் இருவரும் அதன் பிறகு கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. குழாயடியில் "குடத்த நவுத்து" என்கிற அளவுக்குப் பேச்சு வந்தது. போன மழைக்கு வந்த காய்ச்சல் ஒரே வாரத்தில் உன்னைக் கொண்டுபோனது. அன்று அத்தை வாசலில் நிற்கவில்லை. உள்ளே வந்து, உன் தலையை மடியில் வைத்துச் சிக்கெடுத்துச் சீவிவிட்டார். அடுத்த மாதமே உன் வீட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

அடுத்த ஞாயிறு நாடகத்தைக் கோவிந்தாபுரத்தில் போடக் கூப்பிட்டிருக்கிறார்கள். செல்வியாக யார் நிற்பது என்று நான் திணறிக்கொண்டிருந்தபோது பாக்கியம் அத்தை போனில் கூப்பிட்டார். "நான் நிக்கேன். அவ நடந்த நடைய எதுத்தாப்புல ஒக்காந்து பாத்தவ நாந்தான?" அறுபது நெருங்குகிறது அவருக்கு. நான் மறுக்கவில்லை.

அத்தையின் வேஷம் எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது. உன் அய்யாவை விசாரிக்கும் வரி எனக்கு வந்துவிடுகிறது. அடுத்து, துரோகம் என்று சொல்லும் வரியில்தான், நேற்று போனில் சொல்லிப் பார்த்தபோதும் நாக்கு ஒட்டிக்கொண்டது. அதை வெட்டிவிடலாமா என்று அத்தையிடம் கேட்டேன். "வெட்டுனா அவ எங்கட்டி இருப்பா?" என்றார்.

வெட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை உன் கண்ணைப் பார்த்துச் சொல்வேன்.