ரெண்டு வழி சொன்ன நாள்

அக்கா,

அண்டைக்கு உன்ர கட்டிலடியில் நிண்டவர்களைச் சொல்லுகிறன், பிழை இருந்தால் திருத்து. டொக்டர் ஐயா. அவருடைய கதையை எங்களுக்கு விளங்கப்படுத்தின தாதி மிஸி. உன்ர தலைமாட்டில் உன்ர புருசன் செல்லையா அத்தான். கதிரையில் உன்ர மாமியார் பொன்னம்மா. கால்மாட்டில் எங்கட அம்மா சின்னத்தங்கம். அம்மாவுக்குப் பின்னால் சோத்துப் பெட்டியோடு நான். எனக்குத் தெரிய இதில் மிச்சம் நான் ஒருத்திதான். நான் சொல்லுறது பிழை எண்டு சண்டை பிடிக்கவும் ஒரு ஆள் இல்லை.

இண்டைக்குப் பேத்தியோடு பெரியாஸ்பத்திரிக்குப் போனனான். அவளுக்கும் உனக்கு வந்த அதே கர்ப்பப்பைக் கட்டி. உள்ளுக்குக் கால் வைக்க, அண்டைக்கு மாதிரியே நிலம் கழுவின லைசோல் மணம் வந்தது. அவ்வளவுதான், நான் வாசலிலேயே நிண்டிட்டன். அவள் நினைச்சாள் முழங்கால் நோவெண்டு.

உன்ர வயிறு மெல்ல மெல்லப் பெருத்தபோது பொன்னம்மா மாமிக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். ஊரெல்லாம் சொல்லிப் பலகாரமும் சுட்டா. பிறகு மாதாமாதம் நீ ரத்தம் பெருக்கெடுத்துக் கிடக்க, கண்ணூறு எண்டா. கடைசியில், "கல்லைச் சுமக்கிறவளுக்குப் பலகாரம் ஒரு கேடு" எண்டா. உலகச் சண்டைக் காலம். துறைமுகம் முழுக்கக் கப்பல். வெளிச்சம் தெரியக்கூடாதெண்டு யன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டச் சொன்னவங்கள். மிஞ்சின துணியை நீ கிழிச்சு மடிச்சு வச்சாய். "வெள்ளைக்காரன் எனக்காகத்தான் கறுப்புத் துணி குடுத்திருக்கிறான், பிள்ளை. இதில கறை தெரியாது" எண்டு சிரிச்சாய். உன்ர உதடு அப்ப சுண்ணாம்பு மாதிரி. அந்தத் துணிகளைக் கிணத்தடியில் அலசினது அம்மா. எவ்வளவு போகுதெண்டு உன்னைவிட அம்மாவுக்குத்தான் தெரியும்.

ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முதல்நாள் குசினிக்குள் வைத்து அம்மாவின்ர கையைப் பிடிச்சாய். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தனான்.

"எனக்குப் பிள்ளை வேண்டாமம்மா. நான் இருந்தாக் காணும். பையோட எடுக்கிறதெண்டாலும் எடுக்கட்டும். மாமியாக்களுக்கு முன்னால நான் வாய் திறக்க ஏலாது. நீங்கதான் சொல்லவேணும்."

"ஓம், சொல்லுறன்" எண்டா அம்மா.

எங்கட ஆக்களில் அதுதானே வழக்கம். புருசன்ர தாய் நிக்கேக்க மருமகள் தன்ர வயித்துக் கதையை ஆம்பிளை டொக்டரிட்டச் சொல்லமாட்டாள். பெத்தவதான் சொல்லவேணும்.

டொக்டர் ஐயா ஒளிக்காமல் ரெண்டு வழியும் சொன்னார். கட்டியை மட்டும் உரிச்செடுத்தால் பை இருக்கும், பிள்ளை பிறக்கவும் கூடும். ஆனால் வெட்டும்போது ரத்தம் கனக்கப் போகும். கண்ணுக்குத் தெரியாத சின்னக் கட்டி கிடந்தால் அது பிறகு வளரும். பையோடு எடுத்தால் பெருக்கு நிக்கும், கட்டி திரும்பாது, பிள்ளையும் இல்லை. "ரெண்டிலயும் உயிருக்குப் பயம் இருக்கு" எண்டு மிஸி சொல்லி முடிக்க, பொன்னம்மா மாமி முந்திக்கொண்டா.

"ஓட்டைப் பானையை வச்சு என்ர மகன் என்ன செய்யிறது?"

அத்தான் நிலத்தைப் பார்த்தார். "கட்டியை மட்டும் எடுக்கட்டும் ஐயா."

டொக்டர் விடவில்லை. அம்மாவைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "மகளுக்கு என்ன விருப்பம்?"

நீ அம்மாவைப் பார்த்தாய். நானும் பார்த்தனான். அம்மா முந்தானையைச் சரிசெய்தா.

"மருமகன் சொல்லுறதுதான் ஐயா."

நீ முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாய். நான் கொண்டுவந்த சோத்தை அண்டைக்கு ஒருவரும் தின்னவில்லை.

கட்டியை உரிச்செடுத்தார்கள். நீ பிழைச்சாய். இல்லையெண்டு சொல்லமாட்டன். கொஞ்சக் காலம் கன்னத்தில் சிவப்பு வந்தது, கோயிலுக்கு நடந்து போனாய். பிறகு டொக்டர் சொன்னது மாதிரியே வந்தது. வயிறு இறுகினது, கறுப்புத் துணி திரும்பக் கொடியில் ஏறினது. இந்த முறை அத்தானே அழுது, "பையோட எடுங்கோ" எண்டார். ரத்தம் ஊற மருந்து தந்து, வருசப்பிறப்பு கழிய வரச்சொன்னார்கள்.

வருசம் பிறக்க முதல் யப்பான்காரன் வந்தான். விடியக்காலமை துறைமுகம் எரிஞ்சது. எண்ணெய்ப் புகை எங்கட ஊர் சாம்பல்தீவு வரைக்கும் வந்தது. ஆஸ்பத்திரியில் நடக்கக்கூடியவர்களும் ஓடிவிட்டார்கள். நாங்கள் உன்னை மாட்டுவண்டிலில் ஏத்திக்கொண்டு வடக்கே போனம். வண்டில் குலுங்கக் குலுங்க உனக்கு ரத்தம் பெருகினது. இறக்கக்கண்டிக்குக் கிட்ட, "பிள்ளை, குளிருது" எண்டாய். பங்குனி வெயில், அக்கா. என்ர சீலைத் தலைப்பால் மூடினனான். பிறகு நீ கதைக்கவில்லை.

உன்னைக் குண்டுதான் கொன்றதெண்டு சனம் சொன்னது. அம்மாவும் அப்படியே சொல்லிக்கொண்டு திரிஞ்சா. பையோடு எடுத்திருந்தால் மேசையிலேயே போயிருப்பாய் எண்டும் சொல்லலாம். ரெண்டிலும் பயமெண்டு டொக்டர் சொன்னதை நான் மறக்கவில்லை. ஆனால் பையோட எடுக்கிறது நீ கேட்ட பயம். உனக்குத் தந்தது மற்றவர்கள் கேட்ட பயம்.

இண்டைக்கு டொக்டர் பிள்ளை பேத்தியின்ர முகத்தைப் பார்த்துத்தான் கதைச்சாள். இப்ப வழிகள் கனக்க: மருந்து, கட்டிக்குப் போற ரத்தத்தை அடைக்கிறது, சின்ன ஓட்டையால் எடுக்கிறது, பையோடு எடுக்கிறது. எல்லாத்துக்கும் நல்லதும் சொன்னாள், கெட்டதும் சொன்னாள். பேத்தியின்ர புருசன் வாயைத் திறக்க, "தம்பி, நீங்கள் கொஞ்சம் வெளியில நில்லுங்கோ" எண்டன். நானும் எழும்பி வெளியில் வந்தனான். என்ன முடிவெண்டு இன்னும் கேட்கவில்லை. அது அவளின்ர கதை.

வாங்குப் பலகையில் தனிய இருந்து ஒவ்வொருத்தராய் நினைச்சுப் பார்த்தன். பொன்னம்மா மாமி பேரப்பிள்ளைக்கு ஏங்கினவ, மன்னிச்சிட்டன். அத்தான் பிறகு கலியாணமே கட்டவில்லை, அவரையும் மன்னிச்சிட்டன். மற்றவ ஒருத்தி இருக்கிறா. எங்களைப் பெத்த அப்புவைக் கடல் கொண்டுபோன பிறகு எங்கட அடுப்பு எரிஞ்சது அத்தானின்ர உழைப்பில். எனக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்ததும் அவர்தான். எனக்காகத்தான் அவ வாய் திறக்கவில்லை எண்டும் தெரியும். அவ படுக்கையில் கிடந்தபோது சோறு தீத்தினனான், குளிக்க வார்த்தனான், கடைசித் தண்ணியும் என்ர கையால்தான்.

ஆனாலும் மன்னிக்கமாட்டன், அக்கா. சின்னத்தங்கத்தை.