கொக்கி மாட்டாமல் ஏறிய மலை

மாப்ளை,

காலையில் இங்கே புஜைராவில் கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது வாட்ஸ்அப்பில் உன் முகம் வந்தது. முதலாம் ஆண்டு நினைவஞ்சலிக்கு பேனர் அடிக்கப் போகிறார்களாம். மாடலை உன் மனைவி அனுப்பியிருந்தாள். லேபர் கார்டுக்கு எடுத்த போட்டோவிலிருந்து தலையை மட்டும் வெட்டி, யாருடைய கோட்டின் மேலோ ஒட்டியிருக்கிறார்கள். கண்ணைச் சிமிட்டாதே என்று போட்டோக்காரன் அதட்டியபோது நீ முழித்த அதே முழி. கூடவே தன் குரலையும் பதிவு செய்து அனுப்பியிருந்தாள்.

"அண்ணே, அவரு சிரிச்ச மாதிரி ஒரு போட்டோகூட எங்ககிட்ட இல்லண்ணே. உங்ககிட்ட ஏதாச்சும் இருந்தா அனுப்புங்க."

இருக்கிறது. அதுதான் எனக்கு எரிச்சல்.

அந்தப் பெருநாள் லீவில் நாம் இருவரும் ஜார்ஜியாவுக்குப் போனோமே, அப்போது எடுத்தது. அமீரக விசா கையில் இருந்தால் போதும் என்று புஜைராவில் பாதிப் பேர் போய்வருகிற ஊர்தான் திபிலீசி. டிராவல் ஏஜென்ட் கடை வாசல்வரை வந்துவிட்டு, உள்ளே வராமல் ரோட்டிலேயே நின்றாய். நான்தான் கையைப் பிடித்து இழுத்துப் போனேன். வீட்டுக்கு மட்டும், சைட்டில் லீவு இல்லை, டேங்கை நிறுத்திவிட்டுப் பழுதுபார்க்கிற ஷட்டவுன் வேலை என்று சொல்லிவிட்டாய்.

ஆற்றங்கரைப் பூங்காவிலிருந்து மலைமேல் இருக்கும் பழைய கோட்டைக்கு கேபிள் காரில் ஏறினோம். கூண்டு லேசாக ஆடிக்கொண்டு தரையை விட்டுக் கிளம்பியதும், உன் கை இடுப்பில் எதையோ தடவித் தேடியது. எண்ணெய் டேங்குகளுக்குச் சாரம் கட்டுகிறவன் நீ. தரையிலிருந்து கால் எழும்பினால் பெல்ட் கொக்கியை மாட்ட வேண்டும் என்று கைக்குப் பழகிப்போயிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த வெள்ளைக்கார அம்மாள் உன்னையே பார்த்தாள். அப்புறம்தான் உனக்கே புரிந்து சிரித்தாய். "கொக்கி மாட்டாம மேல போறது இதான் பாய் மொத தடவ" என்றாய்.

காலுக்குக் கீழே ஆறு, சிவப்பு ஓட்டுக் கூரைகள், செதுக்கிய மர மாடங்கள், வெந்நீர்க் குளியல் வீடுகளின் செங்கல் கும்மட்டங்கள். இத்தனை வருடம் உயரத்திலேயே பிழைத்தவன், உயரத்திலிருந்து ஒன்றையும் நின்று பார்த்ததில்லை. ஃபோர்மேன் கீழேயிருந்து ஜல்தி, ஜல்தி என்று கத்தினால் எவன் பார்ப்பான்? இறங்கியதும் இன்னொரு தரம் ஏறலாம் என்று நீதான் கேட்டாய். படம் அப்போது எடுத்தது.

பாதி வழியில் உன் வீட்டிலிருந்து வீடியோ கால் வந்தது. சுற்றிலும் கண்ணாடி. போனை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஊர் தெரியும். எடுக்காமல் கட் பண்ணினாய். ஏன்டா என்று கேட்டேன்.

"வெயில்ல காயிற போட்டோ போனா அய்யோ பாவம்பாங்க பாய். இது போனா, ஊரு சுத்தத்தான் போனானான்னு கேப்பாங்க. நீங்களும் ஸ்டேட்டஸ்ல போட்றாதீங்க."

அன்றைக்கே எனக்குக் கோபம் வந்தது. இன்றைக்கு அதைவிட அதிகமாக வருகிறது. நீ என்ன திருடினாயா, ஒளிவதற்கு? சென்ட் பாட்டில் கேட்கத் தெரிந்த உன் சொந்தக்காரர்களுக்கு, சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை கேட்கத் தெரியாது. வெளிநாட்டுக்காரன் என்றால் கறுத்து இளைத்துத்தான் வந்து இறங்க வேண்டும் அவர்களுக்கு. நீயும் அதற்கு ஒத்து ஊதினாய். நெஞ்சு வலித்தபோதுகூட கேஸ் டிரபிள் என்று சொல்லிவிட்டு டியூட்டிக்குப் போனாய். வீட்டில் பயப்படுவார்கள் என்று அதையும் சொல்லவில்லை. கேம்பில் குளித்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தவன், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. வலியையும் மறைத்து, சந்தோஷத்தையும் மறைத்தால், அந்தப் பெண்ணுக்கு நீ காட்டியதுதான் என்ன?

சாமான் வாங்க வந்தவர்களைக்கூடக் கவனிக்காமல் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் படத்தை அனுப்பினால், லீவு இல்லை என்று நீ அவளிடம் சொன்னது பொய் என்று தெரிந்துவிடும். அனுப்பாவிட்டால் அந்த லேபர் கார்டு முழிதான் உன் பிள்ளைகளுக்குக் கடைசிவரை அப்பா முகம். கலாஸ், போதும் உன் ரகசியம் என்று அனுப்பினேன். எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது என்பதையும் மறைக்கவில்லை.

வெகுநேரம் கழித்து அவளே கூப்பிட்டாள். அழுவாள், இல்லையென்றால் என்னையும் சேர்த்துத் திட்டுவாள் என்று நினைத்தேன். எவ்வளவு நல்லாச் சிரித்திருக்கிறார் என்றாள். மகள் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கிறாளாம். பேனருக்கு இதையே கொடுத்துவிடும்மா என்றேன்.

"வேணாண்ணே. பேனருக்குப் பழசே இருக்கட்டும். இத ரோட்ல வெச்சா, அங்க போயி ஜாலியாத்தான் இருந்திருக்கான்னு பேசுவாங்க. நாங்க வீட்டுக்குள்ளயே வெச்சுப் பாத்துக்கிறோம். நீங்களும் யார்கிட்டயும் சொல்லிக்க வேணாம்."

அவளிடம் எப்படிக் கோபப்படுவேன்? அதனால்தான் உன்மேல் படுகிறேன்.

நாளைக்கு உன் தெருமுக்கில் அந்தக் கோட்டுப் பேனர் நிற்கும். உன் சொந்தக்காரர்கள் மாலையைப் போட்டுவிட்டு, பாவம், ஒருநாள்கூட அவன் நிம்மதியாக இருந்ததில்லை என்று உச்சுக்கொட்டுவார்கள். இருந்தான்டா, என் கண்ணால் பார்த்தேன் என்று அவர்கள் முகத்துக்கு நேரே கத்த வேண்டும் எனக்கு. அவள் கேட்டுக்கொண்டதற்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.