வகுப்பறைச் சந்தையில் உன் பெயர்

என் செல்லத் தங்கச்சி கவிதாவுக்கு,

நீ திட்டம் போட்டுவைத்த சந்தையை நேற்று நடத்திவிட்டோம். நன்றாகவே நடத்தினோம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

செப்டம்பர் விடுமுறையில் நீ போனபின், உன் தொடக்கநிலை ஒன்று பிள்ளைகள் என் தமிழ் வகுப்புக்கு வந்தார்கள். ஆண்டுக் கடைசியில் வகுப்பறையைத் தேக்கா காய்கறிச் சந்தையாக மாற்றுவதாக அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தாயாமே? தமிழில் கேட்டால்தான் காய் கிடைக்குமாமே? முதல் நாளே என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "சரி, செய்வோம்" என்றேன்.

களிமண்ணில் கத்தரிக்காய், காகிதத்தில் முருங்கைக்காய். மேசைகளெல்லாம் கடைகளாயின. யாழினி மட்டும் என்னைக் கவலைப்பட வைத்தாள். உன் வகுப்பில் வாய் ஓயாதவள், என்னிடம் வந்தபின் தமிழில் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆங்கில வகுப்பில் மட்டும் கலகலப்பு.

அவள் அப்பா பள்ளிக்கே வந்தார். "வீட்டுலயும் இங்லீஷ்தான் டீச்சர். தமிழ்ல கேட்டா வாய மூடிக்கிறா. சந்தையில அவள விட்டுடுங்களேன், பாவம்."

"விட மாட்டேன் சார். அவளுக்கும் ஒரு கடை உண்டு. நீங்களும் வந்து பாருங்க" என்றேன். பாகற்காய்க் கடையைக் கொடுத்தேன்.

நேற்று பெற்றோர் எல்லாரும் வந்திருந்தார்கள். நம் தலைமையாசிரியரும் வந்தார். சீனரான அவருக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்கள் எத்தனை என்று உனக்குத் தெரியுமே! நேராக யாழினியிடம் போய், ஒரு பாகற்காயைத் தூக்கிப் பிடித்து, பெருமையாக, "வெண்டைக்காய்!" என்றார்.

யாழினி அவரைப் பார்த்தாள். காயைப் பார்த்தாள். பொறுக்க முடியவில்லை.

"ஐயோ, அது பாவக்கா லா! கசக்கும்! கவிதா டீச்சர் சாப்பிட்டுட்டு மூஞ்சிய இப்படி வச்சாங்க!" என்று கண்ணை இறுக்கி, நாக்கை நீட்டிக் காட்டினாள்.

அச்சு அசலாக நீதான், கவிதா. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அவள்தான் சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் அவள் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தேன். "ஏன்மா?"

"டீச்சர் சாமிகிட்ட போயிட்டாங்க, அவங்க பேரச் சொல்லாத, எல்லாரும் அழுவாங்கன்னு அப்பா சொன்னாரு. தமிழ் பேசினா அவங்க பேரு வந்துடும். அதான் பேசல."

பின்னால் நின்ற அப்பா திகைத்துப்போனார். அவளை வாரி எடுத்து, "சொல்லுடா தங்கம், நல்லா சொல்லு. நான்தான் தெரியாம சொல்லிட்டேன்" என்றார்.

அப்புறம் சந்தை எங்கே நடந்தது? ஆளாளுக்கு உன்னைப் பற்றிக் கதை சொல்ல ஆரம்பித்தார்கள். நீ செருப்பை மாற்றிப் போட்டு வந்ததை, பாட்டில் வரி மறந்து நின்றதை. இதையெல்லாம் என்னிடம் நீ சொன்னதே இல்லையே! மணி அடித்த பிறகும் ஒரு பிள்ளை எழுந்திருக்கவில்லை.

இன்று காலை யாழினி என்னைப் பேசவே விடவில்லை. "கொஞ்சம் மூச்சு விடும்மா" என்று நான்தான் கெஞ்ச வேண்டியிருந்தது.

அடுத்த ஆண்டு தொடக்கநிலை இரண்டுக்கு இவர்களோடு நானும் போகிறேன். கேட்டு வாங்கிவிட்டேன். உன் பிள்ளைகளில் ஒருவரும் என் வகுப்பில் பேசப் பயந்து உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அது என் பொறுப்பு. நீ நிம்மதியாக இரு.

என்றும் உன்,
வசந்தா அக்கா