எட்டா, ஒன்பதா

மச்சான்,

நேற்று என் மகளின் அறிவியல் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தேன். பிரவுன் பேப்பரை மடித்துப் பசை தடவ, அந்த வாடை மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய். நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது, இன்னும் இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் வருகிறாய்.

பட்டம் வாங்கிய பிறகு திரும்பவும் ஆறாம் வகுப்பில் உட்கார்ந்தவர்கள் நாம். அரசு வேலைக்குத் தேர்வு எழுதுகிறவனுக்கு ஆறிலிருந்து பத்து வரை பள்ளிப் புத்தகம்தான் எல்லாம். நான் அப்போது மறைமலை நகரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆள். நாளையிலிருந்து வராதே என்றால் வாயை மூடிக்கொண்டு போக வேண்டியதுதான். உனக்கோ கோவிலம்பாக்கத்தில் உன் அத்தாவின் ஹார்டுவேர்ஸ் கடை காத்துக்கொண்டிருந்தது. அந்தக் கல்லாவில் உட்கார்ந்தால் அப்புறம் எழுந்திருக்கவே முடியாது என்று பயந்தாய். "இந்தத் தடவ எழுதிக்கோ. வரலன்னா கடைக்கு வந்துடணும்" என்று, மகன் என்றும் பாராமல், அவரும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

படிக்க வீட்டில் இடமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தாம்பரத்தில் லோக்கல் ஏறி, பீச் ஸ்டேஷன் வரை போய், இறங்காமல் அதே வண்டியில் திரும்புவோம். மீசை வைத்தவன் கையில் ஏழாம் வகுப்புப் புத்தகமா என்று யாரும் கேட்டுவிடக் கூடாதென்று, கம்ப்யூட்டர் பத்திரிகையின் அட்டையைக் கிழித்து அதற்குப் போட்டிருந்தாய். குரோம்பேட்டையில் அம்மாவோடு ஏறிய ஒரு சின்னப் பெண் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டாள். "அங்கிள், இது எங்க கிளாஸ் புக்கு. நீங்க ஃபெயிலா?"

"ஆமாம்மா, இன்னா பண்றது? பாஸ் போட மாட்டேங்கிறாங்க" என்றாய் நீ. சுற்றி இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அவள் அடுத்த வருடம் எட்டாம் வகுப்புக்குப் போய்விடுவாள், நாம் அங்கேயே இருப்போம்.

அந்த வருடம்தான் புளூட்டோ இனி கோள் இல்லை என்று பேப்பரில் செய்தி வந்தது. "தொரத்தி வுட்டாங்க மச்சான். அவனாச்சும் தப்பிச்சான்" என்றாய். நம் புத்தகத்தில் கோள்கள் ஒன்பது என்றுதான் இருந்தது. நீ அதை அடித்து எட்டு என்று எழுதினாய். எனக்குக் கோபம் வந்தது. புத்தகத்தில் போட்டிருப்பதுதான் விடை, வெளியே உலகம் எப்படிப் போனாலும் நமக்கென்ன என்பதுதான் தேர்வு எழுதுகிறவர்களின் சட்டம்.

"எக்ஸாம்ல கேட்டா என்னடா போடுவே?"

"நெசத்துல இன்னா கீதோ அத்தத்தான் போடுவேன்."

கேட்டார்கள். ஹாலை விட்டு வெளியே வந்ததும் நீ முதலில் கேட்டது, "நீ இன்னா போட்டே?" என்றுதான். ஒன்பது என்றேன். "அப்போ நீ பாஸுடா" என்று தோளில் தட்டினாய். விடைக்குறிப்பில் ஒன்பதுதான் இருந்தது. கட் ஆஃப் என்னை வேலைக்குள் விட்டது, உன்னை அந்த ஒரு கேள்வியில் வெளியே நிறுத்தியது. செய்தி ஊருக்கெல்லாம் தெரிந்தும் புத்தகத்தையே பிடித்துக்கொண்டு விடைக்குறிப்பு போட்டவர்கள் மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் தீரவில்லை. உன் மேலும்தான். விடைத்தாளில் ஒரே ஒரு வட்டம், மச்சான். கண்ணை மூடிக்கொண்டு ஒன்பதைக் கருப்படித்திருக்கலாம்.

நீ சொன்ன சொல்படி கடைக்குப் போனாய். குழாயும் பெயின்ட்டும் விற்றாய். நான் எப்போது வந்தாலும் வா என்று சொல்ல மாட்டாய், "எட்டு" என்பாய். நான் சிரித்து மழுப்புவேன். ஒருமுறை என் ஆபீஸ் கதையைச் சொன்னேன். வீடுகள் வரிசையாக நிற்கிற இடம் பதிவேட்டில் ஏரி என்று இருக்கிறது, நானும் ஏரி என்றே எழுதி மேலே அனுப்புகிறேன் என்றேன். நீ ஆணியை எடை போட்டுக்கொண்டே, "நீ இன்னும் ட்ரெயின உட்டு எறங்கவே இல்லடா" என்றாய். ஆணியைப் பொட்டலம் கட்டிவிட்டு, "நானுந்தான்" என்றாய்.

ஆஸ்பத்திரியில் உன் மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க் மாட்டியிருந்தார்கள். பேச முடியாத நீ என்னைப் பார்த்ததும் ஒரு கையை விரித்துக் காட்டினாய். ஊசி ஏறியிருந்த மற்றக் கையை மெல்லத் தூக்கி மூன்று விரல் காட்டினாய். நான் வெளியே வராந்தாவுக்கு வந்து அழுதேன்.

நேற்று அட்டை போட்டு முடித்த புத்தகத்தை மகள் பிரித்துவைத்துக்கொண்டு, "அப்பா, பாக்காம சொல்லு. கோள்கள் எத்தனை?" என்றாள். அவள் புத்தகத்தை மார்போடு அணைத்து மறைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

நாளை ஆபீஸ் போனால் மறுபடி ஏரி என்றுதான் எழுதுவேன். ஆனால் நேற்று என் வீட்டில், முதல் தடவையாக வாயைத் திறந்து, எட்டு என்று சொன்னேன். கேட்கத்தான் நீ இல்லை.